கை எப்படி இருக்கு?

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் சக்கரம் மேடம். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று கல்யாணமான புதிதில் கணவர் சொன்னார். அதைப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் எப்படித்தான் மோப்பம் பிடித்தார்களோ! போனில் பேசினால் நடந்துகொண்டேதான் பேசுவார். சாப்பாட்டின் நடுவே எழுந்து ஜன்னலைச் சாத்துவார், அடுத்த வாய்க்குள் மறுபடி எழுந்து அதைத் திறப்பார். "உக்காரும்மா, தரை தேயுது" என்பாள் மகள்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த வேலையோ உட்கார்ந்து கேட்கிற வேலை. காதலன் அறைந்தான், அறைத்தோழி அடித்தாள், அண்ணன் விடுதி வாசலுக்கே வந்து தலைமுடியைப் பிடித்து இழுத்தான் என்று வரும் பிள்ளைகளின் எதிரில் அவர் அசையாமல் உட்கார்ந்திருப்பார். நாற்காலிக்கு அடியில் கால் கட்டைவிரல் மட்டும் செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருக்கும். முன்பு அங்கேயே உளவியல் பாடம் எடுத்தவர்தான். வகுப்பு முடிந்தும் போகாமல் கடைசி பெஞ்சில் யாராவது ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். பாடத்தில் சந்தேகம் என்று ஆரம்பித்து அழுகையில் முடிக்கும். பாடத்தைவிட அந்தச் சந்தேகங்கள் பெரிதாகிப் போனதால் மாணவர் ஆலோசகராக இந்தப் பக்கம் வந்துவிட்டார். ஊர் வம்பை விலைக்கு வாங்குகிற வேலை என்று அவருடைய அம்மா இன்றைக்கும் திட்டுகிறார்.

அறை, நகல் எடுக்கும் கடைக்குப் பக்கத்தில். பலகையில் 'மாணவர் சேவை' என்று மட்டும்தான் இருக்கும். உள்ளே போகிறவரைப் பார்த்து யாருக்கும் எதுவும் தோன்றக் கூடாது என்று அப்படி ஓர் ஏற்பாடு. அதன் பலனாக, பஸ் பாஸ் எங்கே தருகிறார்கள் என்று கேட்டு ஒரு கூட்டம் தினமும் எட்டிப் பார்க்கும். பதில் சொல்லிச் சொல்லி, பஸ் பாஸ் விஷயத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. உள்ளே கதவை ஒட்டி இருக்கும் நாற்காலி வருகிறவர்களுக்கு. சுவரோரம் இருப்பது அவருக்கு. எழுந்து போக வேண்டும் என்று தோன்றினால் பிள்ளை யாரையும் தாண்டாமல் போய்விடலாம்.

முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிடுவார். "வெளியில எங்க பார்த்தாலும் நான் உன்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்க மாட்டேன். கோவிச்சுக்காத. நீயா வந்து பேசினா பேசுவேன்."

இதனால் திமிர் பிடித்தவர் என்ற பட்டமும் சேர்ந்துகொண்டது. அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வருஷக்கணக்காக அந்த விதியைக் கட்டிக் காத்தவர், ஒரு மத்தியானம் சிற்றுண்டிச் சாலை வரிசையில் கோட்டை விட்டார்.

வேதியியல் படிக்கும் பெண் ஒருத்தி கொஞ்ச நாளாக அவரிடம் வந்துகொண்டிருந்தாள். கூடப் படிக்கிறவன் அவளுடைய வலது மணிக்கட்டைப் பிடித்து முறுக்கியிருந்தான். வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டு வீக்கத்தை மறைத்துக்கொண்டு வருவாள். டாக்டரிடம் காட்டலாமா என்று கேட்டால் மட்டும் முகம் மாறிவிடும்.

"எப்படி ஆச்சுன்னு கேப்பாங்க மேடம். சொன்னா எழுதுவாங்க. எழுதிட்டா, நடந்தது நடந்ததுதான்னு ஆயிடும்."

"சரி. நீ எப்ப சொல்றியோ அப்ப."

அப்படிச் சொல்வதற்கு அவர் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட மனசு துடித்தது. ஆனால் அவளை இழுத்துக்கொண்டு போக ஏற்கெனவே ஒருவன் இருந்தான். அவளுடைய போனைத் தினமும் வாங்கிப் பார்ப்பவனும் அவன்தான்.

அன்று வரிசையில் அந்தப் பெண் அவருக்கு முன்னால் நின்றாள். தட்டை இடது கையால் தடுமாறித் தூக்கினாள். காலையிலிருந்து ஒருவர் மாற்றி ஒருவர் என்று கேட்டுக் களைத்திருந்தவருக்கு, மனசு முழித்துக்கொள்ளும் முன் வாய் முந்திக்கொண்டது.

"கை எப்படி இருக்கு?"

அவள் முகம் வெளிறிப்போனது. பின்னாலிருந்து பணிவான ஒரு குரல், "நீங்க முன்னாடி போங்க ஆன்ட்டி, நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாதான் வந்தோம்" என்றது. படிய வாரிய தலை, நல்ல சிரிப்பு. பார்க்கிற யாருக்கும் தன் வீட்டுப் பிள்ளையாக இருக்கக் கூடாதா என்று தோன்றும். அவர் எதையோ முனகிவிட்டு, சாப்பிடாமலே வெளியே வந்துவிட்டார்.

அந்த வாரம் அவள் வரவேண்டிய நேரத்தில் நாற்காலி காலியாக இருந்தது. அவர் எழுந்தார், உட்கார்ந்தார், நடைக்கோடி வரை போய்த் திரும்பினார். பஸ் பாஸ் கேட்டு வந்த ஒருவன் மேல் எரிந்து விழுந்தார். பக்கத்து அறையில் இருந்த மூத்த ஆலோசகரிடம் போய், "ஒரே ஒரு போன் பண்ணிடறேனே" என்றார்.

"யார் எடுப்பான்னு நெனைக்கிற? நாம தேடறோம்னு தெரிஞ்சா மொதல்ல அடி வாங்கப்போறது அவதான்."

"நான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்" என்றார் மூத்தவர். ஆறுதல் சொல்வதையே தொழிலாக வைத்திருப்பவர், அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்காக அவர் மேல் சக்கரம் மேடத்துக்குக் கோபம்கூட வரவில்லை.

வீட்டில் அடுக்கி வைத்த பாத்திரங்களை இறக்கி மறுபடி அடுக்கினார். அது என்ன கேள்வி, பெரிய அக்கறை மாதிரி, என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார். பெண்ணுக்கு என்ன ஆனதோ என்று நினைத்ததும் பாத்திரங்களை மறுபடி இறக்கினார். அதற்கடுத்த வாரமும் அவள் வரவில்லை.

அறையில் இருப்புக்கொள்ளாமல் நூலகத்துப் பக்கம் நடந்த ஒரு நாள், படிக்கட்டில் அவர்கள் இருவரும் நின்றிருந்தார்கள். அவளுடைய பை அவன் தோளில். அவளுடைய போன் அவனுடைய சட்டைப் பையில். அவன் குரலை உயர்த்தாமல், சிரித்த முகத்தோடு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உயிரோடு இருக்கிறாள் என்றதும் அவருக்கு ஓடிப்போய்ப் பேச வேண்டும் போலிருந்தது. ஆனாலும் ஒரு தடவை பட்டது போதும். முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு அவர்களைக் கடந்து நடந்தார்.

"சித்தி!"

அவர் திரும்பவில்லை. அவரைச் சித்தி என்று கூப்பிட உலகத்தில் ஆள் கிடையாது. வீட்டுக்கு மூத்தவர் அவர், தங்கைகளின் பிள்ளைகளுக்கெல்லாம் பெரியம்மா.

"சித்தி, நில்லுங்க!"

அப்போதுதான் உறைத்தது. கையைப் பற்றிக் கேட்டது யார் என்று அவன் குடைந்திருப்பான். இவள் ஒரு சித்தியைப் படைத்துவிட்டிருக்கிறாள். நீயா வந்து பேசினால் பேசுவேன் என்று சொன்னாரே, இதோ அவளாகவே வந்து பேசுகிறாள்.

அவன் முந்திக்கொண்டான். "வணக்கம் ஆன்ட்டி. இவளுக்கு இங்க ஒரு சித்தி இருக்காங்கன்னு இத்தனை நாள் எனக்குத் தெரியவே தெரியாது. வீடு எந்தப் பக்கம்?"

கேள்வி மரியாதையாகத்தான் இருந்தது. கண் மட்டும் இருவர் முகத்தையும் மாற்றி மாற்றி அளந்தது. சக்கரம் மேடம் அவன் பக்கமே திரும்பவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணைப் பிடித்தார் ஒரு பிடி.

"ஏன்டி, படிக்கட்டுல விழுந்து கையை ஒடிச்சுக்கிட்டு வீட்டுப் பக்கமே எட்டிப் பாக்கலன்னா என்ன அர்த்தம்? உங்கம்மா அங்க போனைப் போட்டு என் உயிரை எடுக்கறா! பெரிய மனுஷி ஆயிட்டியோ? நட வீட்டுக்கு. தம்பி, அந்தப் பையைக் குடுங்க."

நூலகத்து வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நல்ல பிள்ளை என்ற பெயரைத் தவிர அவனிடம் அப்போது வேறு ஆயுதம் எதுவும் இல்லை. பையைக் கழற்றிக் கொடுத்தான்.

"போனு?"

அதையும் கொடுத்தான். "சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன் ஆன்ட்டி."

"நானே கொண்டு வந்து விடறேன். உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

விறுவிறுவென்று நடந்தார்கள். நகல் கடை தாண்டி, சைக்கிள் நிறுத்தும் இடம் தாண்டி, அவன் கண்ணுக்கு மறைந்த பிறகும் அவர் நிற்கவில்லை. சைக்கிள் கொட்டகைச் சுவருக்குப் பின்னால் வந்தபோதுதான் கீழே பார்த்தார். பெண்ணின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது அவருடைய கை. நல்லவேளையாக இடது மணிக்கட்டு. ஆனாலும் அவன் பிடிக்கிற மாதிரியேதான் பிடித்திருந்தார்.

சட்டென்று விட்டார். வெட்கத்தில் காது சுட்டது. பையையும் போனையும் அவளிடம் நீட்டினார்.

"மன்னிச்சுக்கோ. அன்னிக்குக் கேட்டதுக்கும் சேர்த்து. நான் இழுத்துட்டு வந்துட்டேன்கிறதுக்காக நீ எங்கயும் வரணும்னு இல்ல. திரும்பிப் போகணும்னாலும் சொல்லு, எப்படி பத்திரமாப் போறதுன்னு யோசிப்போம்."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். உள்ளே ஒவ்வொரு நரம்பும் ஓடு ஓடு என்றது. சக்கரம் மேடம் நின்ற இடத்தில் நின்றார்.

அவள் போனைப் பார்த்தாள். அதை அணைத்துப் பைக்குள் போட்டாள். பிறகு வலது கைச் சட்டையின் பொத்தானை இடது கையால் மெதுவாகக் கழற்றி, முழங்கை வரை சுருட்டிவிட்டாள். நீலமும் மஞ்சளுமாக வீங்கிக் கிடந்தது.

"கை எப்படி இருக்குன்னு கேட்டீங்கல்ல" என்றாள். "ரொம்ப வலிக்குது சித்தி. டாக்டர்கிட்ட போலாம். அவங்க கேட்டா நான் சொல்றேன்."