சிக்கு நூலும் இலவம் பஞ்சும்

வட்டக்கச்சியில் எங்கள் பின்வளவில் இருப்பவர் ஜெகதீஸ்வரி அக்கா. நெசவு நிலையத்தில் மிஞ்சும் சிக்கு நூலை மூட்டையாகக் கொண்டுவந்து, சிறு துண்டுகளாக வெட்டி, இரண்டு கம்பித் தூரிகைகளுக்கு இடையில் இழுத்துப் பிரித்து, பஞ்சோடு கலந்து இராட்டையில் மறுபடி நூற்பார்.

அந்த நூல் தறியில் அறாமல் நின்றால் நிலையம் வீட்டிலிருந்தே வேலை தரும். நிற்காவிட்டால் விடியலில் வரும் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏற வேண்டும். கணவர் யோகலிங்கம் அண்ணைக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. பகலில் அடிக்கடி புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். ஒருமுறை வந்த புண் இலேசில் ஆறவில்லை.

முதல் நூலை நிலையப் பொறுப்பாளர் விமலேஸ்வரி மெல்ல இழுத்துப் பார்த்தார். அறுந்ததுகூட இல்லை, வழுக்கிக் கழன்றது.

"என்ன பஞ்சு போட்டனீர்?"

"வேலியோரத்து இலவம் பஞ்சு, அக்கா. சும்மா கொட்டிக் கிடக்குது."

"அது தலையணைக்குத்தான் சரி. ஒண்டையொண்டு பிடிக்காது. பருத்தி தாறன், இன்னுமொருக்காப் பாப்பம்."

நான் பட்டம் எடுத்து, வேலைக்குக் காத்திருப்பவள். சிக்கு வெட்டப் போனேன். உதவிக்குப் போனேனா, சும்மா இருக்கும் வெட்கத்தில் போனேனா, தெரியவில்லை.

வீணாய்ப்போன கலவையை ஒரு தலையணை உறையில் அடைத்து, உரசிப் புண் வராமல் அண்ணையின் முழங்கால்களுக்கு இடையில் வைத்தார் அக்கா.

"உன்ர பிழையெல்லாம் கடைசியில எனக்குத்தான் வருது," என்றார் அண்ணை.

"வாயை மூடுங்கோ. இல்லாட்டி உங்கட தாடியையும் வெட்டிக் கலந்துபோடுவன்."

சிரித்தார்கள். அக்கா தோளைத் தேய்த்துக்கொண்டே மறுபடி இராட்டைக்குப் போனார்.

இரண்டாம் முறை, பருத்தி கலந்த நூலை விமலேஸ்வரி தறியில் ஏற்றியே பார்த்தார். நீளவாக்கில் கட்டிய இழை அறுந்தது. குறுக்கே ஓட்டிய இழை நின்றது.

"குறுக்கு இழைக்கு இது போதும். வீட்டில இருந்தே நூற்றுத் தாரும்."

அக்கா "ஓம்" என்றார். அவ்வளவுதான். சந்தோசப்படுவார் என்று நான் எதிர்பார்த்தது, அந்தக் களைப்பை நான் அறியாததால்தான் போலும்.

மறுநாள் ஓட்டோவில் மூன்று மூட்டைச் சிக்கு வந்திறங்கியது. அக்கா அவற்றைப் பார்த்தபடி வாசலில் நின்றார்.

"இனி இதுதான்," என்றார். "நீர் உள்ளுக்குத் தூக்கி வையும். நான் இவரைப் புரட்டிப்போட்டு வாறன்."