வலது பக்க ஜன்னலுக்குச் சேர்த்த பாயின்ட்டுகள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு வார்ப்பாலையின் பர்ச்சேஸ் பிரிவில் வேலை செய்கிறேன். அங்கே யார் ஃபிரிட்ஜ் வாங்கினாலும், பிள்ளைக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டினாலும், முதலில் என் மேஜைக்குத்தான் வருவார்கள். காசை என் கையில் கொடுத்துவிடுவார்கள். நான் என் கிரெடிட் கார்டில் கட்டிவிடுவேன். அவர்களுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை, எனக்குப் பாயின்ட். தீபாவளி போனஸ் வரும் வாரத்தில் பத்துப் பதினைந்து பேர் வரிசையில் நிற்பார்கள். "அக்கா பாயின்ட் பொறுக்கினு இருக்குது" என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். அந்தக் காசை வேறு எதற்கும் தொடாமல் தேதிக்கு முன்னால் பில் கட்டி, ஒரு ரூபாய்கூட வட்டி கொடுக்காத கெட்டிக்காரி என்று எனக்கே என்மேல் கர்வம் உண்டு.

அந்தப் பாயின்ட்டில் குக்கர் வாங்கினால் ஒரு பாயின்ட்டுக்குக் கால் ரூபாய்தான் பெறும். அதையே விமான மைலாக மாற்றினால் கிட்டத்தட்ட ஒரு ரூபாய். குக்கர் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் சேர்த்தது விமானத்துக்கு. எனக்காக அல்ல, நைனாவுக்காக. எங்கள் பக்கம் பல வீடுகளில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

நைனா சாரம் கட்டுகிற வேலை செய்தவர். வள்ளூரில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் எழும்பியபோது சாரத்தின் மேலேயே பல மாதங்கள் இருந்தார். அங்கே நின்று பார்த்தால் எண்ணூர் கடலில் கப்பல்கள் தெரியுமாம், தலைக்கு மேல் விமானம் போகுமாம். வேலை முடிந்து வருஷங்கள் ஆகியும், புதுவாயலில் எங்கள் வீட்டு வாசலில் நின்று விமானச் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்ப்பார். "சிம்னி மேலேருந்து கீழ பாத்துக்கிறேன். அதுக்கும் மேலேருந்து சிம்னிய பாத்ததில்ல" என்பார். வேறு ஆசை எதையும் அவர் வாய்விட்டுச் சொல்லிக் கேட்டதில்லை.

விசாகப்பட்டினம் போய்த் திரும்புவது என்று முடிவு செய்தோம். அங்கிருந்து வரும் விமானம் கரையோரமாக இறங்கிவரும், வலது பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் வள்ளூர் தெரியும் என்று கம்பெனியில் ஒருவர் சொல்லியிருந்தார். நைனா அதைப் பிடித்துக்கொண்டார். "வலது பக்கம்தான? எழுதி வச்சிக்கோ" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்வார்.

பாயின்ட் சேர்ப்பதில் அவரும் இறங்கினார். நான் விடுமுறையில் இருக்கும் நாளில் கார்டை வாங்கிக்கொண்டு போவார். சின்னத் தொகைக்கு ரகசிய எண் வேண்டாம், மெஷினில் காட்டினால் போதும். ஹைவே ஓரத்துப் பெட்ரோல் பங்கில் தெரிந்த பையன்களாகப் பார்த்து, "துட்ட எங்கிட்ட குடு, நான் கார்டு காட்டுறேன்" என்று நிறுத்துவாராம். அப்போதே அவருக்கு மூச்சு வாங்கும். பீடி பிடித்த நெஞ்சு. வெயிலில் நின்று, வசூலான காசை ரப்பர் பேண்ட் போட்டு என்னிடம் கொடுப்பார்.

இரண்டு மாதம் கழித்துத்தான் ஸ்டேட்மென்ட்டை ஊன்றிப் பார்த்தேன். பெட்ரோலுக்கு என் கார்டில் பாயின்ட் கிடையாது. அத்தனை நாள் நின்றதற்கும் ஒன்றுகூட ஏறவில்லை. தெரியாமல் அனுப்பியவள் நான். ஆனால் கத்தியது அவரிடம். "யாரு உன்ன பங்குல போய் நிக்க சொன்னது? மளிகைக் கடைல நிக்கறதுதான?" என்று அம்மா முன்னால் கேட்டேன். அவர் மறுவாரம் மளிகைக் கடையில் போய் நின்றார்.

அந்த வருஷ ஆடி மாதத்தில் இரண்டு பேர் போய்வரத் தேவையான பாயின்ட் சேர்ந்துவிட்டது. நைனாவின் பெயர், வயது, வலது பக்க ஜன்னல் என்று எல்லாவற்றையும் விமானக் கம்பெனியின் ஆப்பில் ஏற்றி வைத்தேன். கடைசிப் பொத்தானை மட்டும் அழுத்தவில்லை. சில சமயம் பேங்கில், மைலாக மாற்றினால் முப்பது சதவீதம் கூடுதல் என்று சலுகை விடுவார்கள். அது வரும்வரை பொறுத்தால், அதற்குள் ஏறுவதையும் கூட்டி, அம்மாவுக்கும் சேர்த்து மூன்று டிக்கெட் ஆகும்.

"எனக்கு வாணாம்டி. தல சுத்தும். நீங்க போய்க்கினு வாங்க" என்றாள் அம்மா.

"கொஞ்சம் பொறும்மா. ஓசில வர்றத ஏன் வுடணும்?" என்றேன்.

நைனா என் பக்கம்தான் பேசினார். "அவளுக்கு கணக்கு தெரியும், வுடு" என்றார். அம்மாவுக்கு ஒரு டிக்கெட் காசு கொடுத்தே வாங்கியிருக்கலாம். என் ஒரு மாதச் சம்பளத்தில் கால்வாசிகூட ஆகாது. ஆனால் காசு கொடுத்தால் தோற்றுப்போன மாதிரி இருக்கும் எனக்கு. அந்தப் புத்தியை இப்போது நினைத்தால் என்னையே அறைய வேண்டும்போல இருக்கிறது.

ஆவணியில் சலுகை வரவில்லை, புரட்டாசியிலும் வரவில்லை. ஐப்பசி மழையில் நைனாவுக்குச் சளி கட்டியது. வாசலிலிருந்து தண்ணீர்க் குழாய்வரை நடப்பதற்குள் இரண்டு தடவை நின்றார். டாக்டரிடம் விமானத்தைப் பற்றிக் கேட்டேன். "இந்த நெலமைல ஏத்தவே கூடாதும்மா" என்றார். அதை நைனாவிடம் சொல்லவில்லை. ஆஃபர் இன்னும் வரவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் அதை நம்பினார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஆஸ்பத்திரி. ஏழாம் நாள் பார்க்க உள்ளே விட்டார்கள். நைனா முகத்திலிருந்த மாஸ்க்கை விரலால் கொஞ்சம் நகர்த்தினார்.

"இங்க கார்டு போட்டா பாயின்ட் ஏறுமா?"

"ஏறும் நைனா."

"பங்கு மாதிரி இல்லியே?"

"இல்ல. ஏறும்."

"அப்ப சரி" என்றார். மாஸ்க்கை நானே சரிசெய்துவிட்டேன். அந்தப் பெட்ரோல் பங்கை அவர் மறக்கவே இல்லை. நான் கத்தியதையும் மறந்திருக்க மாட்டார்.

ஒன்பதாம் நாள் காலையில் அவர் போய்விட்டார்.

பில் கட்டினால்தான் கொண்டுபோக முடியும் என்றார்கள். முந்தின நாள்தான் கம்பெனியில் எல்லாருமாகப் பணம் போட்டு ஒரு கவரில் கொடுத்திருந்தார்கள். அம்மாவும் சீட்டுப் பணத்தை எடுத்திருந்தாள். எல்லாம் என் பையில் இருந்தது, கட்டப் போதுமானதாகவே இருந்தது. கவுண்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்க்காமல், "கேஷா, கார்டா?" என்றாள். நான் கார்டை நீட்டினேன். யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். எவ்வளவு ஏறும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டுத்தான் நீட்டினேன். அம்மா பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நைனா கேட்டாரே, அதற்காகத்தான் செய்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, பழகிப்போன கை.

காரியம் முடிந்து, கவரில் இருந்த பணத்தையும் சீட்டுப் பணத்தையும் கொண்டு கார்டு பில்லைக் கட்டினேன். மார்கழியில் மெசேஜ் வந்தது. மைலாக மாற்றினால் முப்பது சதவீதம் கூடுதல். ஆஸ்பத்திரி பில்லுக்கான பாயின்ட்டும் அதற்குள் ஏறியிருந்தது. கூட்டிப் பார்த்தால் மூன்று பேர் தாராளமாகப் போய்வரலாம்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீரை இன்னொரு தடவை வடித்தாள். பிறகு, "நம்ம ரெண்டு பேரும் போய் பாத்துக்கினு வந்துடலாமா? அந்த மனுசன் அவ்ளோ ஆசப்பட்டாரு, அதுல இன்னாதான் இருக்குதுன்னு பாக்கலாம்" என்றாள். தலைசுற்றலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அங்கேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஆப்பைத் திறந்தேன். பயணி யார் என்று கேட்டது. தொட்டதும், ஏற்கெனவே ஏற்றி வைத்திருந்த பெயர்கள் வந்தன. முதலில் நைனாவின் பெயர். ஆண். வயது அறுபத்து நான்கு. ஜன்னல், வலது பக்கம். அதற்குக் கீழே என் பெயர். அம்மாவைச் சேர்க்க வேண்டுமென்றால் கீழே ஓர் இடம் காலியாக இருந்தது. நைனாவின் பெயருக்குப் பக்கத்தில் நீக்குவதற்கு ஒரு சின்னக் குப்பைத்தொட்டிப் படம். அதன்மேல் விரலை வைத்து வைத்து எடுத்தேன்.

"இன்னா ஆச்சிடி?" என்றாள் அம்மா.

"டிக்கெட்டு இல்லம்மா" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். களைந்த அரிசியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவளாகக் கேட்கவில்லை.

பாயின்ட்டுகள் அப்படியே கிடக்கின்றன. அந்தச் சலுகை முடிந்துவிட்டது. வருகிற ஆடியோடு பழைய பாயின்ட்டுகள் காலாவதியாகத் தொடங்கும் என்று மாதாமாதம் மெசேஜ் வருகிறது. முதலில் போகப்போவதில், நைனா மளிகைக் கடையில் நின்று சேர்த்ததும் இருக்கிறது. நேற்றுகூட கேன்டீனில், புதிதாகக் கார்டு வாங்கிய ஒரு பெண் என்னிடம் யோசனை கேட்க வந்தாள். ஒரு பாயின்ட்டைக்கூட வீணாக்காத ஆள் என்று கம்பெனியில் எனக்கு இன்னும் பெயர் இருக்கிறது.