பகலில் தூங்கும் வீடு

மே மாத மதியத்தில் எங்கள் வீட்டுக் கூரையின் சிமெண்டு சீட்டு வெயிலில் முறுகி 'டிக், டிக்' என்று சத்தமிடும். அந்த நேரத்தில் வீட்டில் வாய் திறக்க அனுமதி பெற்றது அது ஒன்றுதான். அப்பா நெய்வேலிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. காலையில் வந்து குளித்துவிட்டு ஈரத் துண்டைக் கண்மேல் போட்டுக்கொண்டு அவர் படுத்தாரென்றால், வடக்குத்து கிராமத்தில் இருந்த எங்கள் ஒற்றை அறை வீடு மாலைவரை இருட்டாகவே கிடக்கும். முந்திரி உடைக்கக் கிளம்பும் அம்மா, செருப்பை மாட்டிக்கொண்டே, "அப்பா 'நைட் ஷிப்ட்டு', 'உஸ்ஸு'ன்னு இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போவாள். ஒன்பது வயதில் எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியாது, கால் துறுதுறுக்கும். கதவைத் திறந்தால் வெளிச்சம் அப்பா முகத்தில் விழும். தங்கையைத் தனியே விட்டுப் போகவும் முடியாது.

தங்கை அபிக்கு நான்கு வயதாகப் போகிறது. 'அம்மா', 'தா', 'வேணா' தவிர வேறு சொல் இல்லை. "இன்னாடி, உன் தங்கச்சி வாயில கொழுக்கட்டைய வெச்சிகினு இருக்காளா?" என்று பக்கத்து வீட்டு அக்கா குழாயடியில் கேட்கும்போது எனக்குச் சுருக்கென்று இருக்கும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பதினாறாம் வாய்ப்பாடு வரை தெரிந்தவள். என் தங்கை பேசாமல் இருப்பதா? ஜூனில் அவளை டவுன்ஷிப் பள்ளி ஒன்றில் எல்.கே.ஜி. சேர்க்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. அங்கே படத்தைக் காட்டிக் கேள்வி கேட்பார்களாம். அதற்குள் பேச வைத்துவிடுவது என்று வரிந்துகட்டினேன்.

அந்த விடுமுறை முழுவதும் அபியின் காதில் வாய் வைத்துச் சொல் சொல்லாக ஊதினேன். "சொம்பு" என்பேன், தொட்டுப் பார்ப்பாள். "சொம்புல தண்ணி" என்பேன், விரலை விடுவாள். "சொம்புல ஜில்லுனு தண்ணி" என்று நெற்றியில் ஒரு சொட்டு வைப்பேன், சத்தமில்லாமல் சிரிப்பாள். பொருள் கையில் இருக்கும்போதே சொல்லைச் சொல்ல வேண்டும், பிடித்துக்கொண்ட சொல்லோடு இன்னொன்றைக் கோத்துத் தர வேண்டும் என்று பிற்பாடு ஆசிரியர் பயிற்சியில் பாடம் நடத்தினார்கள்; இதை ஒன்பது வயதிலேயே செய்தவளாயிற்றே என்று நான் இறுமாந்து உட்கார்ந்திருந்தேன். முறம், முந்திரித் தோல், அப்பாவின் ஹெல்மெட். மே முடிவதற்குள் அபி என் காதில் திருப்பி ஊதினாள்: "பல்லி ஓடுது. வாலு இல்ல."

ஜூனில் ஒரு வியாழக்கிழமை அம்மா எங்கள் இருவரையும் அந்தப் பள்ளிக்குக் கூட்டிப்போனாள். டீச்சர் யானைப் படத்தைக் காட்டினார். அபியின் உதடு அசைந்தது. டீச்சருக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான் குனிந்து காதைக் கொடுத்தேன். "பெரிய யானை. தண்ணி குடிக்குது."

"பேசறா டீச்சர்!" என்று குதித்தேன்.

"எனக்குக் கேக்க வேணாமா? சத்தமா சொல்லச் சொல்லும்மா."

"சத்தமா சொல்லுடி" என்றேன். அபி பதறிப்போய் என் வாயைப் பொத்தினாள். "உஸ்ஸு. அப்பா தூங்குது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேச்சு என்றால் காதில் ஊதுவதுதான் என்று நானே அவளைப் பழக்கியிருந்தேன்.

"திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க. அன்னிக்கும் இப்படின்னா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார் டீச்சர்.

அம்மா எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னாள். மறுநாள் காலை வேலை முடிந்து வந்தவர் பாயை விரிக்கவில்லை. அபியை வாசலில் நிறுத்தி, "அப்பா போறேன், கூப்புடு, வந்துடறேன்" என்று முதுகைக் காட்டி நடந்தார். அபி முணுமுணுத்தாள். "இன்னா? மிஷின் சத்தத்துல காது போச்சும்மா, கேக்கல" என்று இன்னும் பத்தடி போனார். "இன்னாண்ணா, தூக்கம் கெட்டு மூளை கொழம்பிடுச்சா?" என்று பக்கத்து வீட்டு அக்கா சிரித்தாள். வெள்ளி, சனி இரண்டு பகலும் இதே நடை. இரவில் சிவந்த கண்ணோடு ஷிப்டுக்குப் போனார். மிஷின்களுக்கு நடுவில் கண் அசந்துவிடுவாரோ என்று அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் தெருமுனையில் திரும்பி மறையப்போன நேரத்தில், என் பக்கத்தில் ஒரு குரல் வெடித்தது. "அப்பா! போவாத!" அதுவரை நாங்கள் யாரும் கேட்டிராத குரல். அப்பா ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அவள் கத்திக்கொண்டே இருக்க, அப்படியே தூங்கிப்போனார். மறுநாள் பள்ளியில் அபி போட்ட "யானை"க்கு, வரிசையில் நின்ற அம்மாக்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சிமெண்டு சீட்டு போய் அங்கே இப்போது தளம் போட்ட வீடு. அபி விடுதியிலிருந்து போனில் பேசினால் தெருவுக்கே கேட்கும். நான் டவுன்ஷிப்பில் மழலையர் பள்ளி ஆசிரியை. இந்த ஆண்டு வந்த ஒரு சிறுமிக்கு உதடு மட்டும் அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன். வெறும் மூச்சுதான் வந்தது. "வீட்ல பகல்ல யாரு தூங்குறாங்க?" என்று அவள் அம்மாவைக் கேட்டேன். அந்தப் பெண் திகைத்துவிட்டாள். "அவரு நைட் ஷிப்ட்டு மிஸ். போன்ல சத்தத்த நிறுத்திட்டு இவ கையில குடுத்துடுவேன்." என் தங்கைக்குக் காதோரம் ஒரு வாயாவது இருந்தது.

சொம்பும் தண்ணீருமாக ஒரு மாதம் போயிற்று. இப்போது என் காதில் "தண்ணி ஜில்லு" என்கிறாள். இந்த வாரம் அவளை மைதானத்தில் நிறுத்திவிட்டு, "மிஸ் போறேன், கூப்புடு" என்று நடக்க ஆரம்பித்திருக்கிறேன். அப்பாவிடம் சொன்னபோது, "திரும்பிப் பாத்துடாத" என்றார். நேற்று வேப்பமரம் வரை போனேன். கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது, திருப்பவில்லை. குரலும் வரவில்லை. நாளைக்கு கேட் வரைக்கும் நடப்பேன்.