முருகன் மறைத்த சிவப்பு விளக்கு

கட்டுகஸ்தோட்டைச் சந்தைக்குப் பின்னால் இருக்கிற கெப் பார்க்கில் ஏழு வண்டிகள் வரிசையாக நிற்கும். எல்லாம் சாமான் ஏற்றி ஹயருக்கு ஓடுகிற, பின்பக்கம் திறந்த கெப் வண்டிகள். அதில் ஆறு டீசல், ஒன்றே ஒன்று பெற்றோல். அந்தப் பெற்றோல் வண்டி மஹய்யாவ ஜெயராணியுடையது. ஓட்டம் இல்லாத நேரமெல்லாம் மற்ற ஆறு பேருக்கும் அதுதான் பேச்சு. டீசல் என்றால் இழுவை, டீசல் என்றால் ஆயுள், பெற்றோல் என்றால் மழைத்துளி பட்டதும் தும்முகிற சீக்குக்கோழி என்று அவள் காதுபடவே சொல்வார்கள். எல்லாரையும் விட உரக்கச் சொல்கிறவன் ஜீவன், அவளுடைய சொந்தக் கொழுந்தன். ஜெயராணி பொனட்டைத் திறந்து வயர்களைத் துணியால் துடைத்துக்கொண்டே இருப்பாள்.

அந்த வரிசை சும்மா வரிசையல்ல. மடவளை நஸீம் நானாவின் கதிரை வாடகைக் கடைக்கு வாரத்தில் நாலு நாளாவது ஓட்டம் இருக்கும். கல்யாணமோ, கத்தம் ஓதுகிற வீடோ, கோயில் திருவிழாவோ, கதிரை மேசை ஏற்ற அவர் முதல் இடத்து வண்டியைத்தான் கூப்பிடுவார். மற்றவர்கள் யாராவது வீடு மாறுகிறார்களா என்று வாய் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அந்த முதல் இடத்தில் பதினெட்டு வருஷம் நின்றவர் ஜெயராணியின் புருஷன் கணேஸ். அவருக்கு இரண்டு வண்டிகள். டீசலை அவர் ஓட்டினார், பெற்றோலைத் தம்பி ஜீவனிடம் கொடுத்து இரண்டாம் இடத்தில் நிறுத்தியிருந்தார்.

நான்கு வருஷத்துக்கு முன் நெஞ்சுவலி வந்து கணேஸ் போய்ச் சேர்ந்தார். கருமாதி முடிந்த மறுநாளே ஜீவன் வந்து டீசல் சாவியை எடுத்துக்கொண்டான். டீசல் என்றால் பம்ப், இன்ஜெக்டர் என்று ஆயிரம் தொல்லை அண்ணி, பொம்பளை கையில் நிற்காது, நீங்க லேசான பெற்றோலை வச்சிக்குங்க என்றான். என்ன கரிசனம், என்ன கரிசனம்! ஆனாலும் முதல் இடம் கணேஸின் பெண்சாதிக்கே என்று பார்க்கில் எல்லாரும் சேர்ந்து சொல்லிவிட்டார்கள். அதை அவனால் விழுங்க முடியவில்லை.

மூன்றாம் நாளே அவளுக்கு முதல் ஓட்டம் வந்தது. ஹந்தானை ஏற்றத்தில் ஒரு கல்யாண வீடு. பாதி ஏற்றத்தில் மழை பிடித்தது. இரண்டு தும்மல் தும்மிவிட்டு வண்டி செத்துப்போனது. நூற்றைம்பது கதிரைகளோடு நடுரோட்டில் ஜெயராணி அழுதுகொண்டு நின்றாள். அந்தப் பார்க்கில் ஒரு சட்டம் உண்டு. ஓட்டத்தின் நடுவில் வண்டி நின்றுபோனால் வரிசையில் அடுத்தவர் வந்து சாமானைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சேர்த்தவருக்கு நின்றவரின் இடம், நின்றவர் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். அடுத்தவன் ஜீவன். கூப்பிட்டுக் கால்மணி நேரத்தில் வந்துவிட்டான், பக்கத்திலேயே காத்திருந்தவன் மாதிரி. சொந்த அண்ணிதானே, இந்த ஒருதடவை விட்டுக்கொடு என்று பார்க்கில் மற்றவர்கள்கூடச் சொல்லிப் பார்த்தார்கள். "பார்க் சட்டம் பார்க் சட்டந்தான் அண்ணி," என்று சிரித்துக்கொண்டே சொன்னான் ஜீவன்.

வண்டியை இழுத்துக்கொண்டு மடவளைக்குப் போனாள். அங்கே பளீல் பாஸின் கராஜ் இருந்தது. பளீல் பொனட்டைத் திறந்து, கைப்பிடி அளவு கறுப்பு மூடி ஒன்றைக் கழற்றிக் காட்டினார். நாலு பிளக்குக்கும் நெருப்பைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி. குறுக்கே வெடிப்பு, வெடிப்பின் மேல் கறுப்பு டேப். ஈரம் உள்ளே போனால் இன்ஜின் நிற்காமல் என்ன செய்யும்? டேப் சுற்றியது பளீலேதான். கணேஸ் இறந்த கிழமையில் ஜீவன் வண்டியைக் கொண்டுவந்தானாம். மூடி வெடித்துவிட்டது, மாற்றாவிட்டால் முதல் மழையில் நிற்கும் என்று பளீல் சொன்னாராம். சும்மா டேப்பைச் சுற்றிவிடுங்க பாஸ், நான் இதை ஓட்டப்போறதில்லை என்றானாம் அவன்.

ஜெயராணி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் உடம்பின் சூடு ஆறுவதற்குள் இந்த வேலை! புது மூடியைப் பூட்டச் சொன்னாள். பழையதைக் கேட்டு வாங்கி, டேப்போடு அப்படியே வண்டியின் டிராயருக்குள் போட்டுப் பூட்டினாள். இதை அவன் கையில் கொடுக்காமல் என் கட்டை வேகாது என்று கறுவிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவளைப் போல வண்டியைப் பார்த்துக்கொண்டவர் கண்டியில் இல்லை. பிளக்கைக் கழற்றி உரசினாள், வயர்களை மாற்றினாள், மழைக்காலத்தில் தினமும் மூடியைத் திறந்து துடைத்தாள். பளீலிடம் போகும்போதெல்லாம் டீசல் வண்டிகளின் வயிற்றையும் எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்தது இவ்வளவுதான்: பெற்றோல் வண்டி நோய் வந்தால் உடனே கத்தும், சின்னச் சாமான் ஒன்றை மாற்றினால் எழுந்துவிடும். டீசல் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு இழுக்கும், ஆனால் எண்ணெயோடு தண்ணீர் போனால் பம்பே இறுகிவிடும், பிறகு மாதக்கணக்கில் படுக்கைதான். டீசலே உசத்தி என்று மார் தட்டினவர்கள் ஒவ்வொருவராக வழியில் நின்றார்கள், கடைசிக்குப் போனார்கள். ஒருவர் வண்டியை விற்றுவிட்டுக் கட்டாருக்குப் போனார், வாங்கியவர் கடைசியில் வந்து நின்றார். ஏழாம் இடத்தில் இருந்த ஜெயராணி மூன்றரை வருஷத்தில் இரண்டாம் இடத்துக்கு வந்தாள். முன்னால் ஜீவன் மட்டும்.

ஒருநாள் காலையில் ஜெயராணி அவனுடைய வண்டி ஜன்னலைக் கடந்து போகும்போது அவன் சாவியைத் திருப்பினான். டாஷ்போர்டில் சின்னதாக ஒரு முருகன் ஸ்டிக்கர், கதிர்காமத்தில் வாங்கியது. அதன் ஓரத்தில் சுற்றிவரச் சிவப்பு ஒளி கசிந்தது. அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. டீசல் பில்டரில் தண்ணீர் நிரம்பினால் எரிகிற விளக்கு அது. எண்ணெய் அடிக்கிற செட்டில் வரிசையில் நிற்கச் சோம்பல்பட்டு, கூட்டாளி ஒருவனின் தகரப் பரலில் கிடந்த டீசலை அவன் ஊற்றுவது எல்லாருக்கும் தெரியும். விளக்கு எரிந்து கண்ணைக் குத்தியிருக்கிறது. முருகனைக் கூட்டிவந்து மேலே ஒட்டிவிட்டான், படுபாவி. வெள்ளிக்கிழமை தவறாமல் பம்பரில் தேசிக்காயும் மிளகாயும் மாற்றிக் கட்டத் தெரிந்தவனுக்கு, பில்டரின் அடியில் இருக்கிற திருகாணியை இரண்டு சுற்றுச் சுற்றித் தண்ணீரை வடிக்கத் தெரியவில்லை.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் சொல்லவில்லை. பளீலிடம் மட்டும் சொன்னாள். அவர் பதறிப்போனார். "சொல்லிடுங்க தங்கச்சி. பம்ப் போனா அவன் எழும்பமாட்டான்," என்றார். "கேட்டா சொல்றேன் பாஸ்," என்றாள் ஜெயராணி. ஒரு தடவை, ஜீவனின் சின்ன மகள் ஸ்கூல் பையோடு அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, வாய் வரை வந்தது. அதே நேரத்தில் அவன் எட்டிப் பார்த்து, என்ன அண்ணி, சீக்குக்கோழி இன்னைக்குத் தும்மல்லையா என்று கேட்டான். வந்த வார்த்தை வந்த வழியே திரும்பிப் போனது. ஆறு மாதம் அந்தச் சிவப்பு ஓரத்தைத் தினமும் பார்த்தாள். பார்க்கப் பார்க்க இனித்தது, பொய் சொல்வானேன்.

வைகாசி மழை தொடங்கிய கிழமையில் நஸீம் நானா போன் எடுத்துக் கூப்பிட்டார். பூஜாபிட்டிய ஏற்றத்தில் ஜீவனின் வண்டி நின்றுவிட்டது, பின்னேரம் கல்யாணம், ஓடி வாங்க தங்கச்சி என்றார். ஜெயராணி ஓடவில்லை. பொனட்டைத் திறந்து மூடியை ஒருதரம் துடைத்துவிட்டுப் புறப்பட்டாள். பெற்றோல் வண்டி கொட்டுகிற மழையில் ஒரு தும்மல்கூட இல்லாமல் ஏறியது.

ஜீவன் நனைந்துபோய் ரோட்டோரத்தில் நின்றான். இருவரும் கதிரைகளை மாற்றி ஏற்றினார்கள், அவள் சுமந்ததுதான் அதிகம். கயிறு கட்டி முடித்ததும் அவன் கிட்டே வந்து தலையைக் குனிந்துகொண்டான்.

"அண்ணி, இந்த ஒருதடவ விட்டுக்கொடுங்க. பம்ப் இறுகிப்போச்சு. கடைசிக்குப் போனா நான் என்ன செய்வேன்?"

"பார்க் சட்டம் பார்க் சட்டந்தான் தம்பி."

அவன் வண்டியின் கதவைத் திறந்து உள்ளே கையை நீட்டிச் சாவியைத் திருப்பினாள். முருகனை மெதுவாக உரித்தெடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், சாமி என்ன பாவம் செய்தது. அடியில் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. இது தண்ணீர் விளக்கு, அடியில் திருகாணி இருக்கிறது, இரண்டு நிமிஷ வேலை, ஆறு மாதமாக எரிகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

ஜீவனின் முகம் வெளிறிப்போனது. "ஆறு மாசமா தெரியுமா? தெரிஞ்சும் சொல்லாம இருந்தீங்களா அண்ணி?"

ஜெயராணி தன் வண்டிக்குப் போய் டிராயரைத் திறந்தாள். டேப் சுற்றிய மூடியைக் கொண்டுவந்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீங்க எனக்குச் சொன்னீங்களா தம்பி?"

அவன் டேப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் தன் வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினாள், முதல் திருப்பிலேயே வண்டி பிடித்தது. கதிரைகள் இன்னும் நனைவதற்குள் கல்யாண வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.