பெரட்டில் சொன்ன காரணம்

இறப்பர் மரத்தில் பால் வெட்டுவது கிட்டத்தட்ட சவரம் செய்வது மாதிரி. பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி ஒரு நூல் ஆழம் கூடுதலாக இறங்கினால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் பட்டை மறுபடி ஒழுங்காக வளராது, முண்டு முண்டாகப் புடைத்துக்கொள்ளும். யட்டியாந்தோட்டைப் பக்கத்து மலையொன்றில் இருபத்தாறு வருடமாக முந்நூறு மரம் என் பொறுப்பு. காயம் படாமல் வெட்டுகிறவள் என்று எனக்குப் பெயர் இருந்தது. அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, மறைப்பானேன்.

நாற்பத்தொன்பது வயதில் அந்தப் பெயர் கெட ஆரம்பித்தது. விடியற்காலைக் குளிரில் மற்றவர்கள் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு நிற்பார்கள். எனக்கு மட்டும் நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பும். கழுத்து, முகம், காது எல்லாம் எரியும். வியர்வை கண்ணில் இறங்கும், கை வழுக்கும், கத்தி பட்டையைத் தாண்டி உள்ளே போய்விடும். ஐந்து நிமிடத்தில் சூடு போய்விடும், காயம் போகாது. தூக்கம் வேறு கெட்டுப்போய் எந்நேரமும் மூக்கின்மேல் கோபம். சோற்றில் உப்பு குறைவு என்று சொன்ன வீட்டுக்காரர் முன்னால் உப்பு டப்பாவையே வைத்து, "இதையே சாப்பிடுங்க" என்றேன். பாவம், அதற்குப் பிறகு அவர் உப்பில்லாமலே சாப்பிட்டார்.

மரங்களைப் பார்வையிட வரும் வெளிக்கள உத்தியோகத்தரை நாங்கள் ஐயா என்போம். சிங்களவர், ஆனால் எங்களை விட நன்றாகத் தமிழில் ஏசுவார். காயம் கண்ட இடத்திலெல்லாம் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு புள்ளி வைப்பது அவர் வழக்கம். அந்த முறை என் வரிசை முழுக்க வெள்ளைப் புள்ளி.

"இப்படியே போனா ஒங்கள புல்லு வெட்டத்தான் போடணும்," என்றார்.

புல் வெட்டுவது கேவலமில்லை. ஆனால் எனக்குக் கைவந்த வேலை இது ஒன்றுதான். இந்தக் கத்தியைப் பிடுங்கிக்கொண்டால் அப்புறம் நான் யார் என்றே எனக்குத் தெரியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனேன். மருந்து கொடுப்பவர் ஆண். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களும் ஆண்கள், எல்லோரும் என்னை அக்கா என்று கூப்பிடுகிறவர்கள்.

"என்னம்மா செய்யுது?"

"காய்ச்சல்ங்க," என்றேன்.

எங்கள் தோட்டத்துப் பெண்களுக்கு எது வந்தாலும் காய்ச்சல்தான். மாத்திரை தந்தார். மூன்று மாதத்தில் மூன்று தடவை இல்லாத காய்ச்சலுக்கு மருந்து தின்றேன்.

விஷயத்தைக் கண்டுபிடித்தவர் பிரசவம் பார்க்கும் மிட்வைப் மிஸ். தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவுக்கு, குழந்தைகளை நிறுக்க அவர் வருவார். பால் வாளியோடு அந்தப் படியில் உட்கார்ந்து நான் துவாயால் விசிறிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார்.

"அக்கா, மாசாமாசம் ஒழுங்கா வருதா?"

"நாலு மாசமா இல்லைங்க மிஸ்."

"அப்ப தீட்டு நிக்கிற காலம். அதுக்கும் மருந்து இருக்கு. பஜார் கிளினிக்ல செவ்வாக்கிழம வயசான பொம்பளைங்களத்தான் பாக்குறாங்க. வாங்க."

என்னை வயசானவள் என்றது சுருக்கென்றது. அதைவிடப் பெரிய சங்கடம் வேறு இருந்தது. எங்கள் தோட்டத்திலிருந்து கிளினிக்குக்குப் போகிறவர்கள் எல்லாம் பிள்ளைத்தாய்ச்சிகள். வேலை நாளில் போவதென்றால் காலையில் எல்லோரும் பெயர் கொடுக்கக் கூடும் பெரட்டில் கங்காணியிடம் காரணம் சொல்ல வேண்டும். ஊரே கேட்டுக்கொண்டு நிற்கும். முதல் செவ்வாய்க்கிழமை எனக்கு வாய் வரவில்லை. பேசாமல் வேலைக்குப் போனேன். அன்று ஏழு மரத்துக்குக் காயம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சொல்லிவிட்டேன்.

"கிளினிக்கா? ஒங்களுக்கா?" என்றார் கங்காணி. "பேரன் எடுத்த வயசுலயா அக்கா?"

பெரட்டே சிரித்தது. அந்த நேரம் பார்த்து எனக்குச் சூடு கிளம்பியது. வெட்கமாவது மண்ணாங்கட்டியாவது!

"நல்லா சிரிங்க. எனக்குத் தீட்டு நிக்கிது. ஒடம்பு எரியுது, கை வழுக்குது, மரம் காயமாவுது. மருந்து எடுக்கப் போறேன். ஒங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கு இது வராதுன்னா சொல்லுங்க, நானும் சேந்து சிரிக்கிறேன்."

சிரிப்பு நின்றது. கங்காணி குனிந்த தலை நிமிராமல் எழுதினார்.

டொக்டர் என் மகள் வயதுப் பெண். சிங்களத்தில் கேட்டார். பஜாரில் பேசுகிற சிங்களம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் இதைப் பற்றித் தமிழிலேயே யாரிடமும் பேசியதில்லை, சிங்களத்தில் எங்கே போவது? நெஞ்சிலிருந்து சூடு ஏறுவதையும் கத்தி வழுக்குவதையும் கையால் செய்து காட்டினேன். அவருக்குப் புரிந்தது. பிரஷர் பார்த்தார், மார்பைச் சோதித்தார், இரத்தம் எடுக்கச் சொன்னார், குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா என்று கேட்டார். இது நோயில்லை, அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதுமில்லை, சோதனைகள் சரியாக இருந்தால் ஹோர்மோன் மருந்து தரலாம் என்றார். பிறகு பேனாவை எடுத்து, இலேசான வேலை கொடுக்கும்படி தோட்டத்துக்கு ஒரு துண்டு எழுதித் தரட்டுமா என்று அன்பாகக் கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாதி சிங்களமும் பாதி தமிழுமாகக் கத்திவிட்டேன்.

"ஐயோ வேணாங்க மிஸ்! லேசான வேலைன்னா புல்லு வெட்டத்தான் போடுவாங்க. எனக்கு மரம் வேணும்!"

அவர் சிரித்துவிட்டு, மருந்து பிடிக்கும்வரை மூன்று மாதம் அவகாசம் கொடுக்கும்படி எழுதினார். ஐயா அந்தத் துண்டை இரண்டு தடவை படித்தார். என் முகத்தைப் பார்க்காமலே, "சரி, மூணு மாசம்," என்றார்.

சோதனைகள் சரியாக வந்து மருந்து தொடங்கினேன். முதல் மூன்று வாரம் ஒரு மாற்றமும் இல்லை, டொக்டரை மனதுக்குள் திட்டினேன். ஐந்தாவது வாரம் ஒரு காலை முந்நூறு மரமும் வெட்டி முடித்த பிறகுதான், ஒரு தடவைகூட முகம் துடைக்கவில்லை என்று உறைத்தது. அந்த மரத்தடியிலேயே நின்று சந்தோஷத்தில் அழுதேன். சூடு இன்னும் எப்போதாவது எட்டிப் பார்க்கும். வந்தால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அது போகும்வரை நிற்கப் பழகிக்கொண்டேன்.

தவணை முடிந்து ஐயா வந்தார். முதல் மரத்திலிருந்து கடைசி மரம்வரை கூடவே நடந்தேன். புதுக் காயம் இரண்டே இரண்டு.

"மரம் ஒங்களுக்கே இருக்கட்டும்," என்றார்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆனால் அவர் போகாமல் சுண்ணாம்புக் கட்டியை விரலில் உருட்டிக்கொண்டே நின்றார்.

"அந்தக் கிளினிக்... செவ்வாக்கிழம தானே?"

"ஆமாங்க ஐயா."

"வீட்டுல நோனாவும் ரெண்டு வருஷமா சரியா தூங்குறதில்ல. சும்மா சும்மா அழுவுறாங்க. என்னான்னு கேக்காம நான் கத்திக்கிட்டே இருந்திருக்கேன்."

நோனா என்றது அவர் மனைவியை. என்னை ஏசிய மனிதர் என்பதே மறந்துபோனது.

"கூட்டிட்டுப் போங்க ஐயா," என்றேன். "ஆனா உள்ள போயிறாதீங்க. சொல்ல வேண்டியத அவங்களே சொல்லிக்குவாங்க."

அவர் தலையாட்டினார். அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் மரம் பார்க்க வரவில்லை.