சைவ மேசையின் நான்கு நாற்காலிகள்

1952, மார்ச். பினாங்கிலிருந்து வந்த பயணிகள் கப்பலில், நாகப்பட்டினம் தாண்டிய பின், கீழ்வகுப்புப் பயணி ஒருவருக்குப் பெரியம்மை கண்டது. சென்னைத் துறைமுகத்துக்குள் அனுமதி கிடைக்கவில்லை. கப்பல் தொற்றுநோயை அறிவிக்கும் மஞ்சள் கொடி ஏற்றி, இராயபுரத்துக்கு நேர் கிழக்கே நங்கூரமிட்டு நின்றது.

அதே மாத இறுதி. நோயாளி கரைக்கு மாற்றப்பட்டார். மற்றவர்களுக்கு அம்மை குத்தப்பட்டது. பயணிகள் இறக்கப்பட்டனர்.

1952, ஏப்ரல். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, பகல். எங்கள் வீட்டில் விருந்து. அழைக்கப்பட்டோர் இருவர். வந்தோர் இருவர்.

இவ்வாண்டு, தை. என் மனைவி காலமானாள்.

மேற்கண்டவற்றில் விளக்கம் தேவைப்படுவது விருந்து ஒன்றுதான். அதற்குக் கப்பலின் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

நான் அப்போது துறைமுகத்தில் பொறியாளன். பினாங்கில் ஆசிரியராக இருந்த என் மனைவியின் தமையனைப் பார்த்துவிட்டு இருவரும் திரும்பிக்கொண்டிருந்தோம். முதல் வேளை உணவுக்கு எந்த நாற்காலியில் அமர்கிறோமோ, பயணம் முடியும்வரை அதுவே நமக்குரியது என்பது அக்கப்பலின் விதி. சைவ உணவுக்கென்று மூலையில், வட்டச் சன்னலை ஒட்டி, நால்வர் அமரும் மேசை ஒன்று இருந்தது. எங்களுடன் அமர்ந்த இருவரும் பிறப்பால் சைவர் அல்லர் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. அவர்கள் ஏன் அங்கே வந்தார்கள் என்று அறியும் ஆவல் எனக்கு உண்டாயிற்று.

ஒருவர் தெற்கத்திக் கிறிஸ்தவ வியாபாரி. கல்மண்டபத்தருகே மிளகாயும் கருப்பட்டியும் மொத்தமாக விற்பவர். “லெந்து நாளு பாத்துக்கிடுங்க. ஈஸ்டர் வரைக்கும் கவுச்சி தொடமாட்டேன்,” என்றார். மற்றவர் நாற்பதைக் கடந்த ஒரு செவிலி. பினாங்கு மருத்துவமனையிலிருந்து விடுமுறையில் வருபவர். இராயபுரத்துக் கடலோரத்தில் மீன்பிடிக்கும் குடும்பத்தில் பிறந்தவர்.

“மீனு துன்னாத வூட்லயா பொறந்தேன்? ஆனா இந்தக் கப்பல்காரன் ஐஸ்ல வெச்ச மீனைப் போடறான். கலீஜு! அத்தத் துன்னேன்னு தெரிஞ்சா எங்க நைனா என்ன வூட்டுக்குள்ள சேக்கமாட்டாரு,” என்றார் அவர்.

ஆக, நால்வர் புலால் உண்ணாமைக்கு மூன்று வெவ்வேறு காரணங்கள் இருந்தன. தத்துவப் பாடத்தில் இதைவிடப் பலவீனமான ஒற்றுமைகளை நான் படித்திருக்கிறேன்.

அன்றிரவு, பரிமாறும் பட்லர் சாம்பாருடன் வந்ததும் என் மனைவி சட்டென்று எழுந்து பாத்திரத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். எனக்கு ஊற்றினாள், வியாபாரிக்கு ஊற்றினாள். பட்லர் வெறுங்கையோடு திகைத்து நின்றார்.

“யம்மா, உக்காரு,” என்றார் செவிலி. “அவரு சம்பளம் வாங்கறாரு. நீ டிக்கெட்டு வாங்கிக்கீறே.”

“அவங்க சொல்லுதது சரிதான் தாயி,” என்றார் வியாபாரி. “துட்டையும் குடுத்துட்டு வேலையும் நாமளே பாத்தா, கப்பக்காரனுக்குல்லா லாபம்!”

அவள் அமர்ந்தாள், ஆனால் பசியில்லை என்று சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டில் ஆண்களாகிய என் தந்தையும் நானும் உண்டு எழுந்த பின்னரே பெண்கள் உண்பர். பரிமாறுபவள் கடைசியில், தனியாக, அடுக்களையில் உண்பாள். மணமாகி ஏழாண்டுகள் ஆகியிருந்தும், என் மனைவி உண்பதை நான் ஒருமுறையேனும் கண்டதில்லை என்பது அந்த மேசையில்தான் எனக்குத் தெரியவந்தது.

மறுநாள் இரவும் அவள் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள். செவிலி என்னைப் பார்த்தார்.

“சார், உங்க மூஞ்சியப் பாத்துகினு அதுக்குச் சோறு எறங்கல. நீங்க ஜன்னலாண்ட திரும்பிக் கடலப் பாருங்க.”

நான் திரும்பிக்கொண்டேன். இருட்டில் கடல் தெரியவில்லை. கண்ணாடியில் அவள் பிம்பம் தெரிந்தது. அவள் முதலில் மோர்ச்சோற்றை உண்டாள். பிறகு சாம்பார்ச் சோற்றை. அப்பளத்தை ஒடிக்காமல் கடைசிவரை ஓரமாக வைத்திருந்தாள். உணவின் வரிசையை அவள் ஏன் தலைகீழாக்கினாள் என்று எனக்கு விளங்கவில்லை. பின்னர் கேட்டபோது, “அடுக்களையில எது ஆறிப்போயிருக்கோ அதை முதல்ல முடிச்சிடுவேன். பழகிப்போச்சு,” என்றாள்.

அதன்பின் அவள் பேசத் தொடங்கினாள். ஓர் இரவு பொரியலை வாயில் இட்டதும், “உப்பே இல்லை,” என்று எங்கள் எல்லோருக்கும் முன்பாகச் சொன்னாள். “வீட்டுல உப்பு குறைஞ்சா எனக்குக் கடைசியிலதான் தெரியும். அதுக்குள்ள இவரும் மாமாவும் சாப்பிட்டு எழுந்திருப்பாங்க. ரெண்டு பேரும் வாயைத் திறக்கமாட்டாங்க. நான் முகத்தைப் பார்த்து ஜோசியம் சொல்லணும்.”

செவிலி மேசையைத் தட்டிச் சிரித்தார். “சார் மூஞ்சியிலயா? அதுல மழை வருதா வெயிலு அடிக்குதான்னே தெரியலியே!”

நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். என் மனைவிக்கு இவ்வளவு நகைச்சுவை உண்டென்பது எனக்குச் செய்தியாக இருந்தது.

கப்பல் இராயபுரத்துக்கு எதிரே நின்ற நாள்களில் கரை முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது. பகலில் பேசின் பிரிட்ஜ் மின்நிலையத்தின் புகை. வடக்கே திருவொற்றியூர் நோக்கிச் செல்லும் தென்னை வரிசை. எங்கள் வீட்டுத் தெருவைக்கூட ஊகிக்க முடிந்தது, போகத்தான் முடியவில்லை. ஒரு காலை, கட்டுமரம் ஒன்று கப்பலை நெருங்கியது. அதில் செவிலியின் தம்பி நின்றிருந்தார்.

“யக்கா! வஞ்சிரம் கொழம்பு வெச்சு எடுத்தாந்துகீறேன்! கயிறு வுடு!”

“டேய், கிட்ட வராதடா! கப்பல்ல அம்மை கீது!”

“ஒனக்கு வந்துச்சா?”

“எனக்கு வர்ல. ஒனக்கு வரும். போடா!”

“கொழம்ப இன்னா பண்றது?”

“நீயே துன்னு!”

அவர் அங்கேயே, அலையில் ஆடும் கட்டுமரத்தில் குந்தி, அக்காள் பார்த்துக்கொண்டிருக்கச் சட்டியைத் திறந்து உண்ணலானார். செவிலி கைப்பிடிக் கம்பியைப் பற்றியபடி அவரைத் திட்டித் தீர்த்தார். கண்ணைத் துடைத்தது சிரிப்பினாலா என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

அன்றிரவு உணவின்போது என் மனைவி தட்டைப் பார்த்தபடி சொன்னாள்: “கரைக்குப் போனதும் ஒருநாள் எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க. இதே நாலு பேரும். இதே மாதிரி உட்கார்ந்து.”

வியாபாரி தம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்தார். வேற்றுச் சாதியார் எவரும் எங்கள் வீட்டில் உண்டதில்லை. அது அவருக்குச் சொல்லாமலே தெரிந்திருந்தது.

செவிலிதான் பேசினார். “கப்பல்ல சொல்ற பேச்சு, கரை ஏறுனா காத்தோட பூடும்மா.”

“போகாது. நீங்க வருவீங்க.”

கேபினுக்குத் திரும்பியதும், “அப்பா இருக்கிறாரே?” என்றேன்.

“அதனாலதான் நீங்க கேட்கணும்,” என்றாள். “நம்ம வீட்டுல ஒரு தடவை, எல்லாரோடயும் சமமா உட்கார்ந்து சூடா ஒரு வாய் சாப்பிடணும். எனக்கு வேற எதுவும் வேண்டாம்.”

ஏழாண்டுகளில் அவள் என்னிடம் கேட்ட முதல் பொருள் அது. வீடு சேர்ந்ததும் நான் கேட்டேன். என் தந்தை கையிலிருந்த செய்தித்தாளை மடித்தார், மீண்டும் விரித்தார். “எந்த ஞாயிறு?” என்றார். சொன்னேன். “அன்னிக்கு நான் ஒற்றியூர் கோயிலுக்குப் போறேன். சாயங்காலம்தான் வருவேன்,” என்றார். சம்மதத்தின் இவ்வடிவத்தை நான் அதற்கு முன் அறிந்ததில்லை.

எங்களிடம் உணவு மேசை கிடையாது. நான் படம் வரையும் சாய்மேசையை நிமிர்த்திக் கூடத்தில் போட்டோம். எவ்வளவு முயன்றும் அது முழுவதும் சமமாகவில்லை. இன்னொரு சிக்கலும் இருந்தது. உண்ணும் கையால் பாத்திரத்தைத் தொடக்கூடாது, இடக்கையால் பரிமாறக்கூடாது. நால்வரும் உட்கார்ந்துவிட்டால் பரிமாறுவது யார்? கப்பலில் பட்லர் இருந்தார். இதை நான் கேட்டபோது, “பார்த்துக்கலாம்,” என்று மட்டும் சொன்னாள்.

இருவரும் வந்தார்கள். செவிலி பையிலிருந்து எனாமல் தட்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“என் தட்ட நானே எடுத்தாந்துட்டேன். அப்பால நீங்க உங்க தட்டத் தூக்கிப் போட வேணாம் பாரு.”

என் மனைவி அந்தத் தட்டை எடுத்துப் பார்த்தாள். தன் நாற்காலிக்கு எதிரே அதை வைத்துக்கொண்டு, தனக்கென்று வைத்திருந்த வெண்கலத் தட்டைச் செவிலியின் முன் நகர்த்தினாள். செவிலி தலையைக் குனிந்து அதன் விளிம்பைத் தடவினார். அவரை அவ்வாறு நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

சோறு வைத்தாயிற்று. என் மனைவி கரண்டியுடன் நின்றாள்.

“உக்காரும்மா,” என்றார் செவிலி.

“நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம்...”

“நீ உக்காந்தாத்தான் நான் கை வெப்பேன்.”

“நான் உட்கார்ந்தா யார் போடறது?”

சோறு ஆறிக்கொண்டிருந்தது. கடலில் அவ்வளவு எளிதாக இருந்த ஒன்று, கல்மண்டபத்துச் சந்தில் எங்கள் வீட்டுக்குள் ஒரு கரண்டிக்காக நின்றுபோயிற்று. அவள் கேட்ட ஒரே பொருள் எங்கள் கண்ணெதிரே நழுவிக்கொண்டிருந்தது. அப்போது வியாபாரி தொண்டையைச் செருமினார். அவர் தம் தட்டைத் தொடவே இல்லை.

“ஐயா, கோவிச்சுக்கிடப்படாது. நான் சாப்பிட்டுட்டுல்லா வந்திருக்கேன்.”

மூவரும் அவரைப் பார்த்தோம்.

“முந்தி ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்குப் போனேன். வாசல்ல, மாட்டுக்கொட்டாய்ப் பக்கமா, தனியா எலை போட்டாவ. அன்னையிலேருந்து யாரு கூப்பிட்டாலும் வீட்டுல சாப்பிட்டுட்டுத்தான் போறது. வயிறு நெறைஞ்சிருந்தா மனசு சுருங்காது பாருங்க.” அவர் முகம் கறுத்தது. “இங்க இப்படி மேசை போட்டு வச்சிருப்பியன்னு நான் நெனைக்கல தாயி.”

“நல்லாக் கீது!” என்றார் செவிலி. “அண்ணாச்சி துன்னுட்டு வந்தாரு, நான் தட்டு எடுத்தாந்தேன். மருவாதி தெரிஞ்ச ஜனங்க நாம!”

முதலில் சிரித்தவள் என் மனைவி. சிரிப்பு அடங்கியதும் வியாபாரி எழுந்து சட்டைக் கையை மடித்தார்.

“என் கை சுத்தமா இருக்கு. நான் போடுதேன். நீ உக்காரு தாயி.”

அவள் கரண்டியை அவரிடம் கொடுத்துவிட்டு அமர்ந்தாள். குழம்பு அடுக்களையில் இருந்தது. வியாபாரி கைகால் கழுவி வந்து, அடுக்களை வாசற்படிக்கு வெளியே நின்றுவிட்டார்.

“உள்ள வரலாமா?”

அவள் அதற்குள் சோற்றில் நெய்யைப் பிசைந்துவிட்டிருந்தாள். “நான் கை வச்சாச்சு,” என்றாள். “நீங்கதான் போய் எடுக்கணும்.”

அவர் உள்ளே போனார். எங்கள் அடுக்களையில் எங்களவர் அல்லாத ஒருவர் நுழைந்ததை நான் கண்டது அதுவே முதல்முறை. குழம்புச் சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கி வந்து ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றினார். ரசம் மட்டும் மேசையின் சாய்வில் ஒருபக்கமாக ஓடிற்று. “கப்பல் ஆடுது, கெட்டியாப் புடி!” என்று கூவித் தட்டை ஏந்திக்கொண்டார் செவிலி. என் மனைவி சோற்றை வரிசைப்படியே உண்டாள்: முதலில் சூடான குழம்பு, பிறகு ரசம், கடைசியில் மோர். அவளை நேராகவே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உணவு இறங்குவதில் தடை ஏதும் தெரியவில்லை. நான்காவது நாற்காலி காலியாகவே இருந்தது. பாயசத்தின்போது அவள் வற்புறுத்தியதன் பேரில் வியாபாரி அதில் அமர்ந்து ஒரு கிண்ணம் பருகினார்.

மாலையில் என் தந்தை திரும்பினார். “எல்லாரும் சாப்பிட்டாங்களா?” என்று கேட்டார். ஆம் என்றேன். அன்றிரவு அவர் பழமும் பாலும் மட்டுமே எடுத்துக்கொண்டார். அடுக்களைப் பக்கம் வரவில்லை. அவள் வருந்தியதாகத் தெரியவில்லை. பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து, “ஒரு தடவை போதும்னு நினைச்சேன். போதலை,” என்றாள்.

மறுநாள் அவள் வழக்கம்போல் எங்களுக்குப் பரிமாறிவிட்டுத்தான் உண்டாள். செவிலி பினாங்கு திரும்பினார். வியாபாரி பண்டிகை தோறும் கருப்பட்டி அனுப்பினார். நாங்கள் நால்வரும் மீண்டும் ஒன்றாக அமரவில்லை. ஆனால் அதுவரை பௌர்ணமிக்கு மட்டும் திருவொற்றியூர் சென்றுவந்த என் தந்தை, அந்த வைகாசியிலிருந்து வெள்ளிதோறும் மாலையில் புறப்பட்டுச் சென்று, கோயிற் பிரசாதத்தோடு இரவு உணவை முடித்துத் திரும்பலானார். முதல் வெள்ளியன்று இரண்டு தட்டுகளை அதே சாய்மேசையில் வைத்துவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். அவர் ஏன் போனார் என்று அவளும் நானும் பலமுறை ஆராய்ந்தோம். அவரிடம் கேட்கும் துணிவு இருவருக்கும் கடைசிவரை வரவில்லை.

செய்யாமல் நிற்பவை:

செவிலிக்குச் செய்தி தெரிவிக்க வேண்டும். மருத்துவமனைக்கு எழுதினால் அவர் கைக்குச் சேருமா என்று தெரியவில்லை.

வியாபாரியின் கடை டோல்கேட் பகுதிக்கு மாறிவிட்டதாகக் கேள்வி. நேரில் போய் விசாரிக்க வேண்டும்.

அவள் புடவைகளை அவள் தமையன் மகளிடம் ஒப்படைக்க வேண்டும்.

குழம்புப் பொடி தீர்ந்துவிட்டது. அரைக்கக் கொடுக்க வேண்டும். மல்லிக்கு மிளகாய் என்ன அளவு என்று யாரிடமாவது கேட்க வேண்டும்.