பத்தரை மணி

ஒதீலியா பிராகமோந்தே அக்காவின் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சீப்பு இருக்கும். அதை வைத்து அவர் தலை வாரி நான் பார்த்ததில்லை. மலையிலிருந்து இறங்குகிறவர்களின் கெண்டைக்காலில் ஒட்டுமுள் கள்ளி கொத்தாகப் பிடித்திருக்கும். கையால் இழுத்தால் கையிலும் ஏறிக்கொள்ளும். அக்கா சீப்பை நடுவில் கொடுத்து ஒரே சுண்டில் எடுத்துவிடுவார். முனகுகிறவர்களிடம், "அதுவா உங்களைத் தேடி வந்துச்சு? நீங்கதானே அதைத் தேடிப் போனீங்க" என்பார்.

டூசான் நகரத்துக்குத் தெற்கே, பாலைவனத்தை ஒட்டிய எங்கள் ஊர் மலைப்பூங்காவின் வாயிலில் பத்தொன்பது வருடம் நின்றவர் அவர். அவருடைய அப்பா தாமிரச் சுரங்கத்தில் நுரையீரலைத் தொலைத்துவிட்டு வந்தவர். கணவர் ஃபீனிக்ஸுக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு வீடு வைத்துக்கொண்டார். அக்கா அதைப் பற்றிப் பேசவே மாட்டார். ஆறு வருடம் ஊர் ஊராகத் திரிந்துவிட்டு நான் திரும்பி வந்தபோது, வாயிலில் இன்னொரு ஆள் வேண்டும் என்று என்னைச் சேர்த்துவிட்டவர் அவர்தான். எங்கெங்கே போனாய் என்று கேட்கவில்லை. தொப்பி இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

குளிர்காலத்தில் வடக்கிலிருந்து கூட்டம் வரும். கோடையில் உள்ளூர்க்காரர்கள் மட்டும்தான். ஐந்து மணிக்கு ஏறி, வெயில் பிடிப்பதற்குள் இறங்கிவிடுவார்கள். பாதை தொடங்கும் இடத்தில் ஓர் இரும்புப் பெட்டி. அதற்குள் ஒரு தாள்: பெயர், ஏறிய நேரம், இறங்கிய நேரம். பகல் பன்னிரண்டுக்கு வாயிலைப் பூட்டும்போது, எந்தப் பெயருக்கு நேராகக் கடைசிக் கட்டம் காலியாக இருக்கிறதோ அவரைத் தேடிப் போக வேண்டும்.

ஜூன் மாதம் ஒன்பது மணிக்கே அந்தப் பெட்டியின் மூடி கையைச் சுட்டுவிடும். அதனால் எங்கள் ஊர்க்காரர்கள் இறங்கும்போது அதைத் தொடுவதில்லை. அக்காவைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டுப் போவார்கள். நேரத்தை அக்கா எழுதிக்கொள்வார். எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான்.

ஃபெர்மின் யெஸ்காஸுக்கு மட்டும் அக்கா பார்க்காமலே எழுதுவார். பள்ளிப் பேருந்து ஓட்டியவர் அவர். சிறுமி ஒதீலியாவையும் ஏற்றிப் போனவர். எழுபத்திரண்டு வயதிலும் தினமும் கணவாய் வரை ஏறுவார். இறங்கும்போது வாயில் பக்கம் வராமல் வறண்ட ஓடை வழியாகத் தன் வீட்டுக் கொல்லைக்கே போய்விடுவார்.

"மாமா, ஒரு நாளாவது இந்தப் பக்கமா இறங்குங்க. உயிரோட இருக்கீங்களான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?" என்பார் அக்கா.

"நான் செத்தா உனக்குத்தான் முதல்ல சொல்லி அனுப்புவேன். அதுவரைக்கும் பத்தரைன்னு போட்டுக்கோ" என்பார் அவர்.

அந்த வியாழக்கிழமையும் அக்கா பத்தரை என்று போட்டார்.

ஃபெர்மினின் மனைவி சோலெதாத் முந்தின நாளே தங்கையைப் பார்க்க நோகாலெஸ் போயிருந்தார். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திரும்பினால் படுக்கை கலையவில்லை, காபிக் கெண்டியில் முந்தின நாள் கசடு. காவல்துறை வண்டி பூங்காவுக்கு வந்தது. அக்காவுக்கு அன்று வாராந்திர விடுமுறை, நான்தான் இருந்தேன். தாளை எடுத்துப் பார்த்து, "நேத்து பத்தரைக்கே இறங்கிட்டாரு" என்றேன். இறங்கியதை அக்கா பார்த்திருப்பார் என்றுதான் நினைத்தேன். அவர்கள் மலையை விட்டுவிட்டு ஊருக்குள் தேடப் போனார்கள். மருத்துவமனை, சீட்டாடும் கிளப், மகன் வீடு.

ஒரு மணிக்கு அக்கா சலவைக்கடையில் கேள்விப்பட்டு வந்தார். சோலெதாத்தும் ஒரு காவலரும் வாயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். அக்கா தாளை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை.

"அது நான் எழுதினது. அவர் இறங்கினதை நான் பார்க்கலை."

அக்கா ஓடையில் ஏறி முன்னால் நடந்தார், நாங்கள் பின்னால் ஓடினோம். நூற்றுப் பத்து டிகிரி வெயில். ஓடையின் மேல் வளைவில் ஒரு தூண்கள்ளியின் அடியில் கிடந்தார் ஃபெர்மின். கணுக்கால் முறிந்து திரும்பியிருந்தது. தண்ணீர்ப் புட்டி காலி. தூண்கள்ளியின் நிழல் ஒரு ஆள் அகலம்கூட இருக்காது. அந்த நிழல் நகர நகர அவரும் கூடவே ஊர்ந்திருக்கிறார். மணலில் கள்ளியைச் சுற்றிப் பாதி வட்டமாக ஒரு தடம் இருந்தது.

அன்று காலை வரை உயிர் இருந்திருக்கும் என்றார் மருத்துவர்.

அதிகாரிகள் அக்காவைக் குறை சொல்லவில்லை. நேரம் எழுதுவது ஏறுகிறவரின் பொறுப்பு என்று விதியில் இருக்கிறதாம். அவரை வாயிலிலிருந்து எடுத்து அலுவலகத்துக்குள் போட்டார்கள். அங்கே ஜன்னல் கிடையாது. நான் இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன். வேலை எதுவும் இல்லாமல், இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். நான் தாளைப் படித்துச் சொன்னதைப் பற்றிப் பேச்செடுத்தபோது, "எழுதியிருந்ததைத்தானே படிச்சே" என்றார்.

இறந்தவருக்காக அவர் வீட்டில் ஒன்பது நாள் ஜெபம் நடக்கும். எட்டு நாள் அக்கா போகவில்லை. ஒன்பதாம் நாள் மாலை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பெண்கள் நிறைந்திருந்த அறையில், சோலெதாத் ஜெபமாலையைப் பாதியில் நிறுத்தினார்.

"ஒதீலியா, நீ அதை எழுதாம விட்டிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

அந்த வெயிலில் அவள் என்ன செய்திருக்க முடியும், கடவுள் குறித்த நேரம் அது என்று நாலு பேர் ஒரே சமயத்தில் ஆரம்பித்தார்கள். அவர்கள் பேசி முடிக்கும் வரை அக்கா காத்திருந்தார்.

"உங்க கதவைத் தட்டியிருப்பேன். யாரும் இல்லைன்னதும் ஓடையில ஏறியிருப்பேன்."

"எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?"

"முக்கால் மணி நேரம்."

சோலெதாத் தலையசைத்தார். பிறகு விட்ட மணியிலிருந்து ஜெபத்தைத் தொடர்ந்தார். மற்றவர்களோடு சேர்ந்து அக்காவும் ஜெபத்துக்குப் பதில் சொன்னார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. முடியும் வரை கதவோரத்தில் நின்றுகொண்டே இருந்தார், யாரும் நகர்ந்து அவருக்கு இடமும் கொடுக்கவில்லை.